தாங்கி புளித்தால் பற்றீரியாவுக்குள் என்ன நடக்கிறது? புரோத்தன், சோடியம், பொற்றாசியக் கணக்கு

நிலாவெளி_வாயு (கேள்வி)

வணக்கம். விருந்தினர் விடுதி ஒன்றின் பின்வளவில் 2 கனமீற்றர் உயிர்வாயுத் தாங்கி. உள்ளே ஏறக்குறைய 1500 லீற்றர் கரைசல். தீனி: மாட்டுச்சாணி, குசினிக் கழிவு, மீன் வெட்டிய கழிவு. வெப்பநிலை 30 பாகையைச் சுற்றி நிற்கிறது. சோறும் மீனும் அளவுக்கு மேலே போனதில் பீஎச் 7.1 இலிருந்து 6.4 க்கு இறங்கியிருக்கிறது. வாயு வருகிறது, அடுப்பில் தீ நிற்கவில்லை.

"அமிலம் கூடினால் மெதேன் பற்றீரியா செத்துவிடும்" என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

வெளியே 6.4 என்றால் கலத்துக்குள் எவ்வளவு? அதைக் காப்பாற்ற எவ்வளவு சக்தி போகிறது? இதே புளிப்பில் அமிலம் ஆக்கும் கூட்டம் மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? பிறகு கைவேலைக் கேள்வி: அப்பச்சோடாவா, எரிசோடாவா, சுண்ணாம்பா? கிணற்றுத் தண்ணீர் ஏற்கெனவே கொஞ்சம் உவர். சோடியம் இன்னும் ஏறினால் வேறு சிக்கல் வருமா?


மென்சவ்வு

முதலில் ஒரு திருத்தம். மெதேன் ஆக்குபவை பற்றீரியா அல்ல, ஆர்க்கியா என்ற வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம். வகுப்புப் பெயருக்காகச் சொல்லவில்லை. அவற்றின் சக்திக் கணக்கே வேறு, கீழே வருகிறேன்.

நொதித்துப் பிழைக்கும் காற்றில்லாப் பற்றீரியாக்கள் பலவற்றுக்குச் சுவாசச் சங்கிலி கிடையாது. மென்சவ்வுக்குக் குறுக்கே புரோத்தனை (ஐதரசன் அயனை) வெளியே தள்ள அவற்றுக்குள்ள பிரதான வழி, உழைத்த ஏரீபியை (கலத்தின் சக்தி நாணயத்தை) உடைப்பது. இழைமணியில் ஏரீபி செய்கிற அதே வகைச் சுழலி இங்கே பின்பக்கமாகச் சுற்றுகிறது. ஒரு பக்கம் வெல்லத்தை உடைத்து ஏரீபி சம்பாதிப்பு, மறுபக்கம் அதிலேயே ஒரு பங்கைப் புரோத்தன் தள்ளச் செலவழிப்பு. அமிலம் கூடக் கூட அந்தச் செலவுப் பங்கு பெருக்கிறது. சுருக்கம் இவ்வளவுதான், ஆனால் இலக்கம் போட்டால்தான் விளங்கும்.

பீற்றர் மிச்செல் 1961 இல் முன்வைத்த கருத்தின்படி புரோத்தன் உந்துவிசைக்கு இரண்டு பாகம்: மென்சவ்வின் மின்னழுத்தம் ஒன்று, உள்ளே வெளியே உள்ள பீஎச் வித்தியாசம் மற்றது. 30 பாகையில் ஒரு பீஎச் அலகு 60 மில்லிவோல்ற்றுக்குச் சமம். மொத்தம் 130 மில்லிவோல்ற் என்று வைத்தால், ஒரு மூல் புரோத்தனை அதற்கு எதிராகத் தள்ள 12.5 கிலோயூல் வேண்டும். கலத்துக்குள் ஏரீபி உடைவதில் கிடைப்பது 45 முதல் 50 கிலோயூல். ஆகவே ஒரு ஏரீபிக்கு மூன்று புரோத்தன், மிஞ்சினால் நான்கு.

இனித்தான் பலர் தவறவிடும் இடம். வெளியே திரியும் புரோத்தன் தானாக உள்ளே நுழைவது குறைவு. மென்சவ்வு அயன்களுக்கு நன்றாக மூடிய சுவர். உள்ளே வருவது அயனாகாத அசற்றிக், புரொப்பியோனிக், பியூற்றிரிக் அமிலங்கள். அவற்றுக்கு ஏற்றம் இல்லை, கொழுப்புப் படலத்தில் கரைந்து நழுவிவிடும். உள்ளே பீஎச் உயர்வாக இருப்பதால் நுழைந்ததும் புரோத்தனைக் கழற்றிவிட்டு எதிரயனாக (மறை ஏற்றமுள்ள அயனாக) மாறும். புரோத்தனைத் தள்ள ஏரீபி போகும். எதிரயனோ திரும்பி வெளியே போக வழியில்லாமல் உள்ளே தேங்கும்.

அசற்றிக் அமிலத்தின் பீகேஏ (பாதி அயனாகி நிற்கும் பீஎச்) 4.76. வெளியே மொத்தம் லீற்றருக்கு 60 மில்லிமூல் அசற்றேற்று (அமிலமும் அதன் எதிரயனும் சேர்த்து) இருக்கிறது என்று வையுங்கள்.

பீஎச் 7.0 இல் அயனாகாத பங்கு 0.57 வீதம், அதாவது 0.34 மில்லிமூல். 6.4 இல் 1.3 மில்லிமூல். 5.5 இல் 9.2 மில்லிமூல். மொத்த அமிலம் ஒரு துளியும் கூடவில்லை, ஆனால் நழுவி நுழையும் பங்கு 27 மடங்கு.

உள்ளே எவ்வளவு தேங்கும் என்பதை இப்படிப் போடலாம்: உள் பீஎச்சிலிருந்து 4.76 ஐக் கழித்து, பத்தின் அத்தனையாம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டுங்கள். வெளிப் பீஎச்சுக்கும் அதையே செய்யுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் உள்வெளி விகிதம். வெளியே 7.0, உள்ளே 7.3 என்றால் விகிதம் 2, உள்ளே 119 மில்லிமூல், சமாளிக்கலாம். வெளியே 6.4, உள்ளே 7.0 என்றால் 235. வெளியே 5.5 ஆகியும் உள்ளே 7.0 ஐ விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் 1600 க்கு மேல். எந்தக் கலமும் அதைத் தாங்காது. எதிரயனின் ஏற்றத்தை ஈடுகட்ட அதே அளவு பொற்றாசியம் உள்ளே வரவேண்டும், தண்ணீரும் பின்னால் வரும், குளுற்றமேற்று போன்ற சொந்த எதிரயன்களை வெளியே தள்ளவேண்டி வரும்.

அமிலம் ஆக்கும் கூட்டம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்ற உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான். அமிலம் தாங்கும் இனங்கள் உள் பீஎச்சை உயர்த்திப் பிடிப்பதில்லை, இறங்க விடுகின்றன. மாட்டின் அசையிரைப்பையில் இருக்கும் ஸ்ரெப்ரோகொக்கஸ் போவிஸ் நல்ல உதாரணம்: வெளிப் பீஎச் இறங்க இறங்க உள்ளும் கூடவே இறங்கும், வித்தியாசம் ஓரளவு மாறாமல் நிற்கும். மேலே சொன்ன 5.5 இல் உள்ளே 6.3 என்று விட்டுக்கொடுத்தால் தேங்குவது 330 மில்லிமூல்தான். விலை என்னவென்றால், 6.3 இலும் ஓடக்கூடிய நொதியங்கள் வேண்டும். நார் உடைக்கும் அசையிரைப்பைப் பற்றீரியாக்களிடம் அது இல்லை. 6 க்குக் கீழே அவை ஓய்ந்துபோவது அதனால்தான்.

அதே ஸ்ரெப்ரோகொக்கஸ் பீஎச் இறங்கும்போது விளைபொருளையும் மாற்றும். நடுநிலையில், மெதுவாக வளரும்போது, குளுக்கோசிலிருந்து ஃபோர்மேற்று, அசற்றேற்று, எதனோல் செய்து 3 ஏரீபி எடுக்கும். புளித்ததும் லக்ரிக் அமிலம் மட்டும், 2 ஏரீபி. நட்டம் மாதிரித் தெரியும், ஆனால் வேகம் கூட; லக்ரிக் நொதியத்துக்குக் குறைந்த பீஎச்தான் பிடிக்கும், ஃபோர்மேற்றுப் பாதையின் நொதியம் அங்கே மடங்கிவிடும். லக்ரிக் அமிலத்தின் பீகேஏ 3.86 என்பதால் தயாரித்தவருக்கு அது உடனே திருப்பியடிப்பதும் இல்லை. பாதிப்பு அயலவருக்கு.

லக்ரேற்று வெளியேறும்போது கிடைக்கும் ஒரு சலுகையும் போய்விடும். பீஎச் 7 பக்கத்தில், வெளியே லக்ரேற்று குறைவாக இருந்தால், ஒவ்வொரு லக்ரேற்றும் ஒன்றுக்கு மேற்பட்ட புரோத்தனை இழுத்துக்கொண்டு போகும், அது ஏரீபி செலவில்லாத உந்துவிசை. புளித்த பின் ஒன்றுக்கு ஒன்று, ஆதாயம் பூச்சியம். கிண்ணியாத் தயிர்ச்சட்டியில் புளிப்பு ஒரு கட்டத்தில் தானாக நிற்பதன் பின்னால் இதற்கும் பங்கு உண்டு.

மெதேன் ஆக்கிகளிடம் இப்படி விட்டுக்கொடுக்கக் கையிருப்பே இல்லை. அசற்றேற்றை மெதேனாக்கினால் நியம நிலையில் மூலுக்கு 31 கிலோயூல். ஒரு முழு ஏரீபிக்கே காணாது. அசற்றேற்றைத் தின்னும் மெதேன் ஆக்கிகள் இரண்டில், மெதனோத்திரிக்ஸ் அதைத் தூண்ட இரண்டு உயர்சக்திப் பிணைப்பை முதலில் செலவழிக்கிறது, மெதனோசார்சினா ஒன்றைத்தான். புளிப்பில் முதலாமது முன்னே சாய்வது பொதுவாகக் காணும் விடயம். ஐதரசனைப் பிடிப்பவர்கள் நின்றால் ஐதரசன் ஏறும். புரொப்பியோனேற்றை உடைப்பது நியம நிலையில் மூலுக்கு 76 கிலோயூல் மேட்டில் ஏறும் வேலை, ஐதரசன் பத்தாயிரத்தில் ஒரு வளிமண்டலத்துக்கும் கீழே இருந்தால்தான் ஓடும். அது நின்றால் இன்னும் அமிலம் தேங்கும். தாங்கி படிப்படியாக இறங்காமல் திடீரென்று விழுவது இந்தச் சுழற்சியால்.

"செத்துவிடும்" என்பதும் சரியில்லை. பெரும்பாலும் பட்டினியில் நிற்கின்றன. நிலைமை திரும்பினால் எழும்பும்.


கொட்டியாரக்குடா

மேலே சொன்னது சரி. பீஎச்மானி மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள் என்பதுதான் நான் சேர்ப்பது. பீஎச் கடைசியாக அசையும் சாட்சி. இருகாபனேற்று தீரும் வரை அது 7 இல் நின்று நல்லபிள்ளை மாதிரி நடிக்கும். அளக்கவேண்டியது அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதம். செலவு மிகக் குறைவு:

கரைசலை மெல்லிய துணியில் வடித்து 20 மில்லிலீற்றர் எடுங்கள். லீற்றருக்கு 0.05 மூல் சல்பூரிக் அமிலத்தால் மெதுவாகக் கலக்கிக்கொண்டு நியமியுங்கள் (துளித்துளியாக விட்டுப் போன அளவைப் பாருங்கள்). பீஎச் 5.0 வரை போன மில்லிலீற்றர் முதல் அளவு. அங்கிருந்து 4.4 வரை போனது இரண்டாம் அளவு. முதல் அளவை 250 ஆல் பெருக்கினால் காரத்தன்மை, லீற்றருக்கு மில்லிகிராம் கல்சியம் காபனேற்றாக. இரண்டாம் அளவை 1.66 ஆல் பெருக்கி, 0.15 ஐக் கழித்து, 500 ஆல் பெருக்கினால் கொழுப்பமிலம், மில்லிகிராம் அசற்றிக் அமிலமாக. பின்னதை முன்னதால் வகுங்கள். 0.3 முதல் 0.4 வரை நல்லது, 0.6 தாண்டினால் தீனியை நிறுத்துங்கள்.

இந்த எண்கள் 20 மில்லிலீற்றருக்கும் அந்த அமிலச் செறிவுக்கும் மட்டும் பொருந்தும். 50 எடுத்துவிட்டு அதே 250 ஆல் பெருக்குகிறவர்கள் உண்டு.

பீஎச் எடுக்கும்போது போத்தலைத் திறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். காபனீரொட்சைட்டு பறந்தால் வாசிப்பு வீணாக ஏறும். மின்வாய் இரட்டைச் சந்தி வகையாக இருக்கட்டும். மீன் கழிவுத் தாங்கியின் சல்பைட்டு, சாதாரண மின்வாயின் வெள்ளி இணைப்பைக் கறுப்பாக்கிப் பிறகு எதற்கும் உதவாமல் ஆக்கிவிடும். 4 க்கும் 7 க்கும் தாங்கற் கரைசலில் சரிபார்த்த பின்னரே தொடுங்கள்.


நிலாவெளி_வாயு

நன்றி. நியமித்தேன்: முதல் அளவு 7.4, இரண்டாம் அளவு 4.4. எவ்வளவு போடவேண்டும்? எரிசோடா கையில் இருக்கிறது, அப்பச்சோடாவை விட வேகமாக வேலை செய்யும் என்கிறார்கள்.


கொட்டியாரக்குடா

காரத்தன்மை 1850. அமிலம் ஏறக்குறைய 3580, மூலாகப் பார்த்தால் லீற்றருக்கு 60 மில்லிமூல் அளவு. மேலே போட்ட கணக்கு அப்படியே உங்கள் தாங்கிதான். விகிதம் 1.9. தீனியை இன்றே நிறுத்துங்கள், சாணியும் வேண்டாம்.

எரிசோடாவைத் தொடாதீர்கள். காரணம் மூன்று.

ஒன்று, அது கரைந்த காபனீரொட்சைட்டைப் பிடித்துத்தான் இருகாபனேற்றாகும். உங்களுக்குத் தேவை லீற்றருக்கு 25 மில்லிமூல் அளவு, அதாவது 1500 லீற்றருக்கு 37.5 மூல். அவ்வளவு எரிசோடா 930 லீற்றர் காபனீரொட்சைட்டை விழுங்கும். கொஞ்சம் கரைசலிலிருந்து, மிச்சம் மேலே உள்ள வாயுவிலிருந்து. மூடி வைத்த கவிகையில் உள்ளிழுப்பு உண்டாகி, வாயுக்குழாயால் காற்று உள்ளே வரும். தண்ணீர்ப் பூட்டும் உறிஞ்சப்படும்.

இரண்டு, விழுந்த இடத்தில் பீஎச் 10 க்கு மேல் போகும்.

மூன்றாவதை நான் அதிகம் பாரமாக எடுப்பேன்: மீன் கழிவால் அமோனியம் நிறைய இருக்கும். 6.4 இல் அதில் அமோனியாவாக இருப்பது 0.2 வீதம்தான். கை தவறி 7.8 க்கு ஏற்றினால் 5 வீதத்துக்குக் கிட்டப் போகும், இருபது மடங்குக்கு மேல். அமோனியாவும் ஏற்றமில்லாத மூலக்கூறு. மென்சவ்வைக் கடந்து உள்ளே போய்ப் புரோத்தனைப் பிடிக்கும், மெதேன் ஆக்கிகள் அதற்கு ஈடாகப் பொற்றாசியத்தை இழக்கும். அமிலத்திலிருந்து காப்பாற்றப் போய் காரத்தில் அடித்ததாகிவிடும்.

சுண்ணாம்பு மலிவு, ஆனால் பீஎச் 6.7 ஐ அண்டியதும் கல்சியம் காபனேற்றாகப் படிந்து அடியில் கல்லாகும். அதற்கு மேல் போடுவது வீண்.

அப்பச்சோடா லீற்றருக்கு 2.1 கிராம், மொத்தம் 3.15 கிலோ. ஒரே தடவையில் கொட்டினால் நுரைத்து வெளிக்குழாயால் வரும். நாளொன்றுக்கு ஒரு கிலோவாக, 15 லீற்றர் வாளித் தண்ணீரில் முழுக்கக் கரைத்து (10 லீற்றரில் முழுக்கக் கரைவது சிரமம்), உள்வாயில் ஊற்றிக் கலக்குங்கள். ஒவ்வொரு தடவைக்கு முன்னும் பீஎச் பாருங்கள். 6.8 ஐத் தொட்டதும் நிறுத்துங்கள். மிச்சத்தை நுண்ணுயிர்களே இழுத்துக்கொண்டு போகும்.

கூடவே நன்றாக ஓடும் சாணித் தாங்கி ஒன்றிலிருந்து 150, 200 லீற்றர் கரைசல் கிடைத்தால், அதே அளவை உங்களுடையதிலிருந்து எடுத்துவிட்டு ஊற்றுங்கள். தம்பலகாமம் பக்கம் மாடு வைத்திருப்பவர்களிடம் விசாரிக்கலாம். புதுச்சாணி அதற்கு ஈடாகாது, அதில் மெதேன் ஆக்கிகள் குறைவு.

தாங்கி வாயில் தலையை வைத்துப் பார்க்கவேண்டாம். 6.4 இல் கரைந்த சல்பைட்டில் ஐந்தில் நான்கு பங்கு ஐதரசன் சல்பைட்டாகவே இருக்கும், கலக்கும்போது அது கிளம்பும். செறிவு கூடினால் மணமே தெரியாது.


உவர்மண்

சோடியக் கேள்விக்கு இன்னும் யாரும் முழுதாகப் பதில் சொல்லவில்லை. கரையோரத் தாங்கிகளுக்கு அது சின்ன விடயம் இல்லை.

சோடியத்தை வெறும் நஞ்சாகப் பார்க்கவேண்டாம். காற்றில்லா உலகில் அது புரோத்தனுக்கு மாற்று நாணயம். மெதேன் ஆக்கிகள் மெதைல் கூட்டத்தை ஒரு துணைநொதியத்திலிருந்து மற்றதற்கு மாற்றும் படியில் சோடியத்தை வெளியே தள்ளுகின்றன. அந்தச் சரிவு இல்லாமல் அவற்றால் வளரமுடியாது, சில மில்லிமூல் சோடியமாவது வேண்டும். அசற்றோபக்ரீரியம் வூடியை என்ற பற்றீரியாவின் ஏரீபிச் சுழலி சோடியத்தால் சுற்றுகிறது. வெனிஸ் கால்வாய்ச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்த புரொப்பியோனிஜீனியம் மொடெஸ்ரம் என்ற பற்றீரியா இன்னும் சிக்கனம்: சக்சினேற்றிலிருந்து காபனீரொட்சைட்டைக் கழற்றும் படியில் கிடைக்கும் 20 கிலோயூலைச் சோடியச் சரிவாக்கி, அதிலேயே ஏரீபி செய்து பிழைக்கிறது.

அமிலம் இதில் எங்கே நுழைகிறது? அந்தச் சோடியச் சுழலியில் சோடியம் உட்காரும் இடம் ஒரு குளுற்றமிக் அமிலத்தின் காபொட்சைல் முனை. புரோத்தனும் அங்கேயே உட்காரும். நடுநிலையில், சோடியம் போதிய அளவு இருக்கும்போது, சோடியத்துக்கே இடம். பீஎச் இறங்கினால், அல்லது சோடியம் ஒரு மில்லிமூலுக்குக் கீழே போனால், புரோத்தன் அந்த இடத்தைப் பிடிக்கும். ஆகப் புளிப்பு வெளிச்சுவரில் மட்டும் மோதுவதில்லை, சுழலியின் இருக்கையிலேயே போட்டிக்கு வருகிறது.

சோடியம்–புரோத்தன் மாற்றிகளும் உண்டு. காரப் பக்கத்தில் அவை புரோத்தனை உள்ளே எடுத்துச் சோடியத்தை வெளியே விட்டு உள் பீஎச்சை இறக்கும். புளிப்பில் அதே வழி திறந்திருந்தால் ஓட்டைதான், ஆகவே பல இனங்களில் அவை குறைந்த பீஎச்சில் பூட்டிக்கொள்ளும். என்ரரோகொக்கஸ் ஹிரே என்ற பற்றீரியா வேலையைப் பிரித்து வைத்திருப்பது அழகு: புளித்தால் புரோத்தன் தள்ளும் சுழலியைப் பெருக்கும், உப்புக் கூடினால் சோடியம் தள்ளும் வேறொரு சுழலியைக் கட்டும். இரண்டும் ஏரீபியில்தான் ஓடும். புளிப்பும் உப்பும் சேர்ந்து வந்தால் இரண்டு செலவும் ஒரே பையிலிருந்து. நிலாவெளி உப்பளத்து மண்ணில் இது இயல்பு வாழ்க்கை. சாணியிலிருந்து வந்த கூட்டத்துக்கு இல்லை.

இலக்கத்துக்கு வருகிறேன். மெதேன் ஆக்கத்துக்குச் சோடியம் லீற்றருக்கு 3.5 முதல் 5.5 கிராம் வரை மிதமான தடை, 8 கிராமில் கடுமையான தடை என்பது பழைய, இன்றும் பயன்படும் வரம்பு. கடல்நீரில் 10.8 கிராம். மேலே சொன்ன அப்பச்சோடா முழுவதும் சேர்த்தாலும் லீற்றருக்கு 0.58 கிராம் சோடியம்தான் ஏறும். பயப்படவேண்டாம். ஆனால் மாதாமாதம் புளிக்கவிட்டு மாதாமாதம் சோடா போட்டால், உவர் கிணற்று நீரும் சேர்ந்து, சத்தமில்லாமல் வரம்பை எட்டிவிடும். தீனியைக் கரைக்க மழைநீர் அல்லது குழாய்நீர் எடுங்கள். மீனைக் கடல்நீரில் கழுவிய தண்ணீர் தாங்கிக்குள் போகவே கூடாது. அதில் சோடியத்தோடு சல்பேற்றும் வருகிறது, கடல்நீரில் லீற்றருக்கு 28 மில்லிமூல். சல்பேற்றைத் தாழ்த்தும் பற்றீரியாக்கள் ஐதரசனுக்கு மெதேன் ஆக்கிகளோடு போட்டி போட்டு வெல்லும், கிடைப்பது மெதேனுக்குப் பதில் ஐதரசன் சல்பைட்டு.

சோடாவில் பாதியைப் பொற்றாசியம் இருகாபனேற்றாக மாற்றுவது நல்ல யோசனை. அதே காரத்தன்மைக்கு எடை 1.2 மடங்கு, விலையும் கூட. எதிரயன் தேங்கிய கலத்துக்கு வேண்டியது பொற்றாசியம்தான், உவர்நீரில் சோடியத்தோடு ஒப்பிட்டால் அது சொற்பம். ஆனால் அதற்கும் 2.5 கிராமுக்கு மேல் தடை உண்டு. தென்னஞ்சாம்பலில் பொற்றாசியம் காபனேற்று நிறைய உண்டு என்று சாம்பலைக் கொட்டுபவர்கள், ஊறவைத்த நீரின் பீஎச்சை ஒருதடவை அளந்துவிட்டுக் கொட்டட்டும். எரிசோடாவுக்குச் சொன்ன கவனம் அதற்கும் பொருந்தும்.


வளாகம்_மூன்றாம்வருடம்

இதையே ஆய்வுகூடத்தில் சிறு போத்தலில் செய்து பார்க்க விருப்பம். பீஎச் 7.0, 6.5, 6.0, 5.5 என நான்கு படி. கலத்துள் பொற்றாசியமும் ஏரீபியும் அளக்கவேண்டும். சுவாலை ஒளிமானி இருக்கிறது. கதிரியக்க வசதி இல்லை. எங்கே பிழைக்கும்?


மென்சவ்வு

தம்பி/தங்கச்சி, முதலில் பிழைப்பது பீஎச் சரிசெய்யும் இடத்தில். 7.0 போத்தலுக்கு எரிசோடா கூட, 5.5 க்குக் குறைவு. ஆகவே நான்கு போத்தலில் நான்கு சோடியச் செறிவு. பிறகு காணும் வித்தியாசம் பீஎச்சாலா சோடியத்தாலா என்று யாராலும் சொல்லமுடியாது. எல்லாவற்றுக்கும் எரிசோடாவாலேயே பீஎச் வைத்து, எவ்வளவு போனது என்று எழுதி, குறைந்த போத்தல்களுக்குச் சோடியம் குளோரைட்டால் ஈடுகட்டுங்கள். மொத்தச் சோடியம் நான்கிலும் ஒன்றாக இருக்கவேண்டும். பொற்றாசியமும் அப்படியே.

தாங்கற் பொருள்: மெஸ் 25 மில்லிமூலும் பைப்ஸ் 25 மில்லிமூலும் எல்லாப் போத்தலிலும் சேர்த்தே போடுங்கள். ஒரு படிக்கு ஒன்று என்று மாற்றினால் அதுவும் ஒரு மாறியாகிவிடும். சித்திரேற்று வேண்டாம், பற்றீரியா தின்னும், உலோக அயனையும் பிடித்துக்கொள்ளும். அசற்றேற்றைத் தாங்கற் பொருளாக எடுப்பது கேள்வியையே அழித்துவிடும்.

இரண்டு வரிசை கட்டாயம். ஒன்றில் சோடியம் அசற்றேற்று 60 மில்லிமூல், மற்றதில் சோடியம் குளோரைட்டு 60 மில்லிமூல், பீஎச் ஒன்றே. குளோரைட்டு வரிசையில் 6.0 வரை வளர்ந்து அசற்றேற்று வரிசையில் நின்றால், அடித்தது வெளிப் புரோத்தன் அல்ல, நழுவிய அமிலம். இந்த ஒப்பீடு இல்லாமல் "அமிலத்தன்மையின் தாக்கம்" என்று தலைப்புப் போட்டுப் பிரயோசனம் இல்லை.

160 மில்லிலீற்றர் போத்தலில் 60 மில்லிலீற்றர் ஊடகம். கொதிக்கவைத்து, நைதரசன் ஊதிக்கொண்டே ஆறவிட்டு, லீற்றருக்கு 0.5 கிராம் சிஸ்ரீன், 1 மில்லிகிராம் ரெசசூரின் (ஒட்சிசனைக் காட்டும் சாயம்), தடித்த பியூற்றைல் இறப்பர் மூடி. இளஞ்சிவப்பு நின்றால் ஒட்சிசன் இருக்கிறது, விதைக்கவேண்டாம். மேல்வெளியில் காபனீரொட்சைட்டு விட்டால் அது 7.0 போத்தலில் நிறையக் கரையும், 5.5 இல் சொற்பம், வைத்த பீஎச்சும் நகரும். ஆகவே நைதரசன் மட்டும். காபனீரொட்சைட்டு இல்லாமல் வளரத் தாமதிக்கும் இனம் என்றால் எல்லாவற்றுக்கும் 2 மில்லிமூல் இருகாபனேற்றுப் போட்டு, மூடிய பிறகு ஊசியால் எடுத்துப் பீஎச் பாருங்கள். தாங்கிக் கரைசலை நேரே விதைத்தால் யாருடைய பொற்றாசியம் என்று தெரியாது. ஒரு தூய வளர்ப்போடு தொடங்குங்கள்.

கலப் பொற்றாசியத்துக்குக் கலத்தைக் கழுவாதீர்கள். பொற்றாசியமில்லாத நீரில் கழுவியதும் ஒழுகும். சிறு குழாயில் சிலிக்கன் எண்ணெய் மேல் வளர்ப்பை வைத்து வேகமாகச் சுழற்றினால் கலம் எண்ணெயைக் கடந்து அடியில் வரும், ஊடகம் மேலே நிற்கும். அடியை வெட்டி நைத்திரிக் அமிலத்தில் கரைத்து 766.5 நானோமீற்றரில் வாசியுங்கள். ஒட்டி வரும் வெளிநீரைக் கழிக்க, கலத்துக்குள் புகாத இனுலின் போன்ற ஒன்றை ஊடகத்தில் சேர்த்து அடியில் எவ்வளவு வந்தது என்று பாருங்கள்.

உள் பீஎச்சுக்குக் கதிரியக்க பென்சோவேற்று இல்லாவிட்டால் பீசெஃப் (BCECF) என்ற, பீஎச்சுக்கு ஏற்ப ஒளிரும் சாயம். 6.2 முதல் 7.8 வரைதான் நம்பலாம். நியமக்கோடு வரைய, பொற்றாசியம் கூடிய தாங்கற் கரைசலில் நைஜெரிசின் சேர்த்து உள்ளும் வெளியும் பீஎச்சைச் சமப்படுத்துங்கள். பச்சை ஒளிர்புரத வழி இங்கே சரிவராது, அது முதிர ஒட்சிசன் வேண்டும்.

சுழலியின் பங்கை அறிய, அதைப் பூட்டும் டீசிசிடி (DCCD) 100 மைக்ரோமூல், எதனோலில் கரைத்தது. ஒப்பீட்டுப் போத்தலுக்கு அதே அளவு வெறும் எதனோல். சேர்த்த பிறகு உள் பீஎச் விழுந்து ஏரீபி ஏறினால், அந்த ஏரீபிதான் புரோத்தன் தள்ளப் போய்க்கொண்டிருந்தது. கையுறை போடுங்கள், அது தோலில் ஒவ்வாமை உண்டாக்கும்.

ஏரீபி மாதிரியைச் சுழற்றிக்கொண்டிருக்க நேரமில்லை, அது விநாடிகளில் புரளும் இருப்பு. ஊசியால் எடுத்ததை நேரே பனிக்குளிர் பெர்குளோரிக் அமிலத்துக்குள் செலுத்துங்கள். மின்மினி நொதியம் ஒளிவிட ஒட்சிசன் வேண்டும் என்பதால் நடுநிலையாக்கிய சாற்றைக் காற்றில் குலுக்கிய பிறகே வாசியுங்கள். நடுநிலையாக்கப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு எடுத்தால் பெர்குளோரேற்று வெள்ளையாகப் படிந்து கழன்றுவிடும், அது வசதி. அதே குழாயிலிருந்து பொற்றாசியத்தையும் வாசிக்க நினைக்காதீர்கள், இரண்டுக்கும் தனித்தனி மாதிரி.